கேட்டுக்கு இந்தப் பக்கம்

சோறு ஒரு பிடிதான். மஞ்சள் போட்டுக் குழைய வடித்திருந்தாள் பஞ்சாலை. வாழையிலைத் துண்டில் வைத்து நாலாக மடித்து நாரால் கட்டியதும், அது அவள் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. இலையைத் தாண்டி இளஞ்சூடு கையில் பட்டது. பின்பக்கக் குழாயடியில் மகன் குளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவனுடைய தகரப் பெட்டி கட்டில்மேல் திறந்து கிடந்தது. இரண்டு கால்சட்டை, மூன்று சட்டை, ஒரு போர்வை, ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் பாஸ் செய்த தாள் வைத்த உறை. எல்லாவற்றுக்கும் மேலே சுருட்டி வைத்த பச்சை ஜெர்சி. அவள் அதை விரித்தாள். சாமிச் சோறு, தரையில் படக் கூடாது, தோல் சாமான் பக்கத்தில் வைக்கக் கூடாது. துவைத்த துணிக்குள் வைத்தால் தோஷமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பொட்டலத்தை நடுவில் வைத்து ஜெர்சியைப் பழையபடி சுருட்டினாள். பெட்டியை மூடும்போது வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? மலாயாவில் அவசரகாலம் வந்து நாலாவது வருஷம் அது. சிதறிக் கிடந்த தொழிலாளர் லய வீடுகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, சுற்றி இரட்டை முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று வீட்டுக்கு வீடு அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. முதலில் அரிசியும் சர்க்கரையும் டின் மீனும் வேலிக்கு வெளியே போகக் கூடாது என்றார்கள். போன மாதத்திலிருந்து சமைத்த சோறும் கூடாது என்றாகிவிட்டது. ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் வெறுந்தேநீரோடு போய், வேலை முடிந்து திரும்பித்தான் சாப்பிட வேண்டும். பக்கத்து டிவிஷனில் ஒருத்தி பழக்கதோஷத்தில் தூக்குச்சட்டியில் பழைய சோறு கொண்டுபோய் அகப்பட்டுக்கொண்டாள். ஏற்றிக்கொண்டு போன போலீஸ்காரர்கள் பதினேழு நாள் கழித்துத்தான் விட்டார்கள். இதெல்லாம் பஞ்சாலைக்குத் தெரியாததல்ல.

ஆனாலும் எல்லை முனிக்குச் சோறு வைக்காமல் எப்படி அனுப்புவது? தோட்டத்தை விட்டு முதல் முறையாக வெளியூர் போகிற யாரும் மண் ரோட்டுத் திருப்பத்தில் ஆலமரத்தடிக் கல்லுக்கு ஒரு பிடி சோறு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். தோட்டம் உண்டான காலத்திலிருந்து அப்படித்தான். அவள் புருஷன் மட்டும் வைக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில், விடிகாலையில் லோரி வந்து ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற ஆண்களை எண்ணி ஏற்றியது. சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை, மூன்று மாதம்தான் என்றார்கள். திருப்பத்தில் லோரி நிற்கவே இல்லை. முனியைத் தாண்டும்போது அவர் தலையைத் திருப்பிக் கும்பிட்டதை மட்டும் அவள் பார்த்தாள். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. இன்று மகனும் லோரியில்தான் போகிறான். அங்கிருந்து ரயிலில்தான் போகிறான். மற்ற தாய்மாருக்கு அது வெறும் பயணம். பஞ்சாலைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

அவள் கணக்கு இதுதான். கேட்டைத் தாண்டிவிட்டால் திருப்பம் கூப்பிடு தூரம். லோரியைத் திருப்பத்தில் நிறுத்தும்படி டிரைவரிடம் சொல்லியாயிற்று. அவளுக்கும் அந்தப் பக்கத்து மர நிரையில்தான் பால் வெட்டு. ஓடிப்போய்ப் பொட்டலத்தை எடுத்து மகன் கையில் கொடுத்து வைக்கச் சொல்லிவிடலாம். மகனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டான். சட்டம் என்று போட்டிருந்தால் சட்டம் என்கிற பிள்ளை அவன்.

"அம்மா, பெட்டியைப் பூட்டிட்டியா?" தலையைத் துவட்டிக்கொண்டே கணேசமூர்த்தி உள்ளே வந்தான். பத்தொன்பது வயது. கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற உயரம்.

"பூட்டலப்பா. கேட்டுல தொறந்து காட்டச் சொல்வாங்கல்ல."

"ஜெர்சி மேலயே இருக்கட்டும். கேட்டுல மாட் யூசோப் கோப்பரல் பாக்கணும்னாரு."

பொட்டலத்தை எடுத்துவிடலாமா என்று அவள் பெட்டியிடம் போனாள். அதற்குள் வேலைச் சங்கு ஊதிவிட்டது.

அந்த ஜெர்சிக்கு ஒரு வரலாறு உண்டு. வடக்கே, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்தில் ஒரு தொழிற்கல்லூரி. அதன் பந்து விளையாட்டுக் குழுவைக் கவனிக்கிற குமாஸ்தா இராஜமாணிக்கம். சண்டை முடிந்த மறு வருஷம், நல்ல ஆட்டக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு அவர் நெகிரி செம்பிலான் பக்கம் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தத் தோட்டத்துத் திடலில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் குளிர் ஜுரம் கண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். ஏழு நாள் பஞ்சாலைக்கு அடுத்த வீட்டு மயிலம்மாளின் தாழ்வாரத்தில் கிடந்தார். ஊர் பேர் தெரியாத மனிதருக்கு லயமே முறை வைத்துக் கஞ்சி கொடுத்தது. அப்போது தோட்டத்தில் அரிசிக்கே பஞ்சம். மூன்றாம் நாள் முறை பஞ்சாலையுடையது. மரவள்ளிக் கிழங்கை மசித்துக் கஞ்சியாக்கிக் கொடுத்தது அவளுக்கே நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது.

அந்த வருஷம் இந்தத் தோட்டத்திலிருந்து மணியம் என்ற கோல் கீப்பரை அவர் கூட்டிக்கொண்டு போனார். சம்பளம் கட்ட வேண்டாம், விடுதியில் சாப்பாடு, இரண்டு வருஷத்தில் மெஷின் வேலைக்குச் சான்றிதழ். படிப்பை முடித்துவிட்டு மணியம் அங்கேயே வேலை பழகுநராக இருந்தபடி கல்லூரிக்கு ஆடிக்கொடுத்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் மந்தினிலிருந்து லுக்குட் வரைக்கும் தோட்டத் திடல்களில் இராஜமாணிக்கத்தின் குடையைப் பார்க்கலாம். அவசரகாலம் வந்த பிறகு, அவ்வளவு தூரம் ஏன் போகிறீர், ரயிலைச் சுடுகிறார்கள், பக்கத்திலேயே ஆள் எடுங்கள் என்று கல்லூரியில் சொல்லிப் பார்த்தார்களாம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெர்மிட்டு எழுதிக்கொண்டு தெற்கே ரயிலேறிவிடுவார். இந்த வருஷம் மணியத்துக்கு நிரந்தர வேலை கிடைத்து ஆட்டத்தை விடுகிறான். "என் இடத்துக்கு எங்கள் லயத்திலேயே ஒருவன் இருக்கிறான், கணேசமூர்த்தி, வந்து பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்து, தன் ஜெர்சியையும் துவைத்து மடித்து அவரிடமே அனுப்பியிருந்தான். நாளைக் காலை எட்டு மணிக்குள் கல்லூரியில் பெயர் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் ஜொகூர் பையன் ஒருவனுக்கு. துரை கையெழுத்திட்ட பெர்மிட்டும் இன்று ஒரு நாளைக்குத்தான் செல்லும்.

கேட்டு முன்னால் பால் வாளிகளோடு இரண்டு வரிசை. பெண்கள் வரிசையைச் சோதிப்பது நபீஸா. லுக்குட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிற நாகூர் கனியின் மகள். ஆண்கள் பக்கம் கோப்பரல் மாட் யூசோப். இராஜமாணிக்கம் முந்தின இரவு தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டில் தங்கி, முதல் ஆளாகச் சோதனை முடித்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் லோரியின் முன் இருக்கையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தாப்பா கணேசு, வடக்கத்திச் சோத்தத் தின்னுட்டு எங்களை மறந்துறாத லா," என்றாள் மயிலம்மாள்.

"அங்க போயி கோலு விட்டேன்னு சேதி வந்துச்சு, திரும்பி வரவே வேணாம்," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"விட்டாலும் மயிலம்மா மாதிரி வாய் விடமாட்டான்."

"அடப் போடா, என் வாய் இல்லாட்டி உன்னையெல்லாம் கங்காணி மண்டோர் எப்பவோ வித்துருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சாலையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகனுடைய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட் யூசோப் பெட்டியைத் திறந்ததும் சோதனைக்காரர் முகம் மாறி ஆட்டக்காரர் முகம் வந்துவிட்டது. போலீஸ் குழுவுக்கு அவர்தான் முன்வரிசை ஆட்டக்காரர். நாலு மாதம் முன்னால் மந்தின் திடலில் அவர் அடித்த மூன்று பந்தையும் பிடித்தவன் இந்தப் பையன். "இத்துதான் காலேஜ் பாஜுவா?" என்று தமிழும் மலாயுமாகக் கேட்டபடி ஜெர்சியை இரண்டு தோள்பட்டையிலும் பிடித்துத் தூக்கி உதறினார். அளவு பார்க்கத்தான். வேறு எண்ணமே அவருக்கில்லை.

பச்சை உருண்டை ஒன்று துணிக்குள்ளிருந்து விழுந்தது. அது என்னவென்று கணேசமூர்த்திக்குத் தெரியாது. ஆனால் அவன் கை அவனைக் கேட்கவில்லை. முழங்கால் மடங்கியது, உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது, தரைக்கு ஒரு சாண் மேலே பொட்டலம் அவன் இரண்டு உள்ளங்கைக்குள் வந்து நின்றது. வரிசையில் யாரோ "ஆஹா" என்று சொல்லிவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். நார் நெகிழ்ந்து இலை விரிந்திருந்தது. மஞ்சள் நிறச் சோறு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

"நாசி," என்றார் மாட் யூசோப். சோறு என்ற ஒரு சொல்தான். அதற்குள் ஆட்டக்காரர் முகம் போய்விட்டிருந்தது.

கணேசமூர்த்தி கையிலிருந்ததைப் பார்த்தான். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. வாளியைக் கீழே போட்டுவிட்டு வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினாள்.

"தூவான், நாந்தான் வெச்சேன். சாயா பூனியா. புள்ளைக்கித் தெரியாது. அனாக் தா தாவு, தூவான். என்னையப் புடிச்சுக்குங்க. அவன விட்டுருங்க."

"யாருக்கு இது?"

அவள் கேட்டுக்கு வெளியே திருப்பத்தைக் காட்டினாள். மலாயில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நபீஸா தன் இடத்தை விட்டு வந்து, தாழ்ந்த குரலில் எடுத்துச் சொன்னாள்: காட்டுக்காரர்களுக்கு இல்லை, அந்த மரத்தடி டத்தோவுக்கு, காவல் தெய்வத்துக்கு, பயணம் போகிறவர்கள் வைப்பது வழக்கம்.

மாட் யூசோப் ஆலமரத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருபது முழத்தில் காடு தொடங்குகிறது. "வைக்கிறது டத்தோவுக்கு. ராத்திரி வந்து எடுக்கிறது யார்?" என்று நபீஸாவிடம் மலாயில் கேட்டார். அவள் அதைத் தமிழில் சொன்னாள். வருஷா வருஷம் வைத்த சோறு மறுநாள் இருந்ததில்லை. முனி ஏற்றுக்கொண்டார் என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். யார் எடுத்தது என்று யாரும் கேட்டதில்லை.

லோரி டிரைவர் ஹாரன் அடித்தான். இராஜமாணிக்கம் இறங்கிக் கேட்டுக் கட்டைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். எப்போதும் எதற்காவது ஒரு கேலி வைத்திருக்கிற மனிதர், அப்போது குடைக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசினால் கெடுதலாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. இன்னும் கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஜீப் வரும். அது எல்லாருக்கும் தெரியும்.

மாட் யூசோப் கேட்டுக் கட்டையை ஒரு முறை பார்த்தார். அது இன்னும் இறங்கித்தான் கிடந்தது. கணேசமூர்த்தியின் காலைப் பார்த்தார். கட்டைக்கு இந்தப் பக்கம் இரண்டு எட்டில் நின்றது. தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"வெளியே போனால்தான் குற்றம்," என்றார் நபீஸாவைப் பார்த்து. "இது வெளியே போகவில்லை. லயத்துச் சோறு லயத்துக்குள் இருக்கிறது. இங்கேயே முடிக்கச் சொல். மாக்கான், தின்னச் சொல். சீக்கிரம்."

பஞ்சாலைக்கு அது புரிந்தது. புரிந்ததும் இன்னொரு பயம் வந்து பிடித்துக்கொண்டது. படைக்காத சாமிச் சோற்றைத் தின்னுவதா? படைக்காமல் போனவர் திரும்பவில்லை. படைக்க வைத்ததைத் தின்றுவிட்டுப் போனால்? "வேணாம்மா, வேற எதுனா சொல்லச் சொல்லு. மண்ணுல பொதைச்சிர்றேன். என்னைய வேணும்னா..." என்று நபீஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நபீஸா கையை உதறவில்லை. "அக்கா, ஒண்ணு கேக்குறேன். புள்ள நேத்து ராத்திரி சாப்புட்டுச்சா?"

பஞ்சாலை யோசித்தாள். பெட்டி கட்டுகிற அமளியில் அவன் தட்டில் கை வைத்தானா? தட்டு மூடியபடியே இருந்தது. காலையிலும் தேநீர்தான். முனிக்குச் சோறு வடித்தவள் பிள்ளைக்கு வடிக்கவில்லை.

"மூஞ்சியப் பாருங்க, எப்புடி வெளுத்துக் கெடக்கு," என்றாள் நபீஸா. "ரயிலு சாயந்தரம்தான் போய்ச் சேரும். உங்க சாமி பாத்துக்கிட்டுத்தான இருக்காரு. பசிச்ச புள்ள தின்னா கோவிச்சுக்குவாரா?"

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. அவளுக்கு முனியும் இல்லை, ஆலமரக் கல்லும் இல்லை. ஆனாலும் உங்கள் சாமி என்று சொன்னபோது அந்தக் குரலில் ஒரு மரியாதை இருந்தது. பஞ்சாலைக்குக் கண் நிறைந்துவிட்டது. திருப்பத்தைப் பார்த்துக் கை கூப்பினாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, "தின்னுப்பா," என்றாள்.

அவன் நின்றபடியே தின்றான். ஒரு வாய் எடுத்து முதலில் அம்மா வாயில் வைத்தான். மஞ்சளும் உப்பும் மட்டும்தான். இவ்வளவு ருசியாகவா வடித்தோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு வரிசையும் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தது. மயிலம்மாளின் வாய்கூடச் சும்மா இருந்தது. ஐந்து வாயில் சோறு முடிந்தது. மாட் யூசோப் இலையை வாங்கி விரித்துப் பார்த்து, கசக்கிக் கேட்டோரக் கூடையில் போட்டார். பக்கத்துத் தண்ணீர் டிரம்மைக் காட்டிக் கை கழுவு என்று சைகை செய்தார்.

"கழுவாத," என்றாள் பஞ்சாலை. நினைத்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. "கழுவாத சாமி. அப்படியே போயி அந்தக் கையால தொட்டுக் கும்புடு."

"எச்சிக் கைம்மா."

"இருக்கட்டும். அவரும் இந்த எஸ்டேட்டு சாமிதான? நம்ம கதை அவருக்குத் தெரியாதா?"

மாட் யூசோப்புக்கு நபீஸா சொல்லித்தான் புரிந்தது. அவர் கணேசமூர்த்தியின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கை மேலே வரும்படி திருப்பினார். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே ஒரு சோற்றுப் பருக்கை நசுங்கி ஒட்டியிருந்தது. பஞ்சாலை பார்த்தாள். நபீஸா பார்த்தாள். அவரும் அதைப் பார்த்தார். அந்தப் பெரிய கையைத் தன் கையாலேயே மெதுவாக மூடினார்.

"கோசோங்," என்றார். ஒன்றுமில்லை, காலி. பிறகு கட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டு, "மந்தின்ல மூணு பந்து புடிச்ச. அங்க போயி அஞ்சு புடி. போலீஸ் மானம் போகாம," என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில்.

வரிசை மறுபடி உயிர் பெற்றது. இராஜமாணிக்கம் பெட்டியை வாங்கி லோரியில் ஏற்றினார். பஞ்சாலை நன்றி சொல்ல வாயெடுத்தாள், யாருக்கு முதலில் சொல்வதென்று தெரியவில்லை. கட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இராஜமாணிக்கம்தான் முந்திக்கொண்டார்.

"மூணாம் நாளு கிழங்குக் கஞ்சி கொடுத்தது நீங்கதானம்மா? அந்த ருசிக்குத்தான் வருஷா வருஷம் ரயிலேறி வர்றேன். உங்க பையன் பட்டினியாப் போவ மாட்டான். அது என் பொறுப்பு."

லோரி கிளம்பியது. வேலிக்கு உள்ளே நின்றபடி அவள் எட்டிப் பார்த்தாள். சயாம் லோரி திருப்பத்தில் வேகம் குறைக்காமல் போனது கண்ணுக்குள் வந்து மறைந்தது. இந்த லோரி ஆலமரத்தடியில் நின்றது. பச்சை ஜெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் உயரமான உருவம் குதித்து இறங்கியது. கல் முன்னால் குனிந்தது. நெடுநேரம் குனிந்தே இருந்ததுபோல அவளுக்குத் தோன்றியது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. அப்புறம் உருவம் ஏறிக்கொண்டது, புழுதி கிளம்பியது, வளைவில் லோரி மறைந்தது.

நபீஸா அவள் வாளியை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். சோதிக்க வேண்டியதைச் சோதித்தாள், வழக்கம்போல. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பஞ்சாலை மற்றவர்களோடு கேட்டைத் தாண்டினாள். பின்னால் இன்ஸ்பெக்டர் ஜீப் வருகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மாட் யூசோப் அவரிடம் என்ன சொல்வார், சொல்வாரா மாட்டாரா, அவளுக்குத் தெரியாது. அந்த மனிதருக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று நடந்துகொண்டே வேண்டிக்கொண்டாள். அவர் பெண்டு பிள்ளைகள் எந்தக் கம்பத்தில், எந்த மலாய்க் கிராமத்தில் இருக்கிறார்களோ, அவர்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

ஆலமரத்தடிக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டிருந்தது. கல்லின் பக்கவாட்டில், பனி ஈரத்தின்மேல், ஐந்து விரலும் பதிந்த தடம் தெரிந்தது. மஞ்சள் லேசாக ஒட்டியிருந்தது. அவள் உட்கார்ந்து அதைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். தடத்தின் சுண்டு விரல் பக்கம் எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. நசுங்கிய பருக்கையை நாலைந்து எறும்புகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, கல்லிலிருந்து இறக்கி, வேர்மேல் ஏற்றி, சருகுகளுக்கு நடுவே காட்டைப் பார்த்துக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன.

"பஞ்சால, மண்டோர் வர்றான், வா புள்ள," என்று நிரையின் முனையிலிருந்து மயிலம்மாள் கூப்பிட்டாள்.

பஞ்சாலை எழுந்தாள். எறும்பு வரிசையை மிதித்துவிடாமல் ஒரு காலைத் தூக்கி வைத்து, வாளியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு காலையும் தூக்கி வைத்தாள்.